அரட்டை அரங்கின் காவலர்



‘ஆகாசவாணி’ என்னும் பெயர் நாம் வாழும் இந்த மைசூரு நகரத்திலேதான் வானொலிக்கு வாய்த்தது என்பதை நேயர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். மகாராஜா கல்லூரியில் உளவியற் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலஸ்வாமி, 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒலிபரப்பு நிலையம் ஒன்றை நிறுவினார். அதற்கு இட்ட பெயரே பின்னாளில் நாட்டின் வானொலி முழுமைக்கும் உரியதாயிற்று. வானொலியின் இயல்பு யாது? ஒருவர் பேசுவார், பல்லாயிரவர் கேட்பர். கேட்போர் அப்பொழுதே மறுமொழி கூறுதல் இயலாது. ஆகவே ஒலிபரப்பு நிலையத்தில் ஒழுங்கைக் காப்பது எளிது. ஆனால் கேட்போர் அனைவருக்கும் அந்த நொடியிலேயே பேசும் வாயும் வந்துவிட்டால் என்ன ஆகும்? அவையில் யார் பேசுவது, யார் பொறுப்பது, வம்பு செய்வாரை வெளியேற்றும் உரிமை யாருக்கு உரியது? இணைய அரட்டை அரங்குகளை மேற்பார்ப்பவர்களின் பணியைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன்.

1988ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பின்லாந்து நாட்டின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினன் என்னும் இளைஞர் ஒரு கணினி நிரலை எழுதினார். ‘இன்டர்நெட் ரிலே சாட்’ என்பது அதன் பெயர், சுருக்கமாக ஐ.ஆர்.சி. என்பர். ஓர் ஊரில் ஒருவர் தட்டச்சிடும் சொல், ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட கணினிகளின் வழியே அஞ்சற்காரர் கைமாற்றுவதைப் போலக் கடத்தப்பட்டு, உலகின் மற்றொரு மூலையில் இருப்பவர் திரையில் சில நொடிகளில் தோன்றும். 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரின் போதும், அதே ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நிகழ்ந்தபோதும், செய்தித்தாள்களை முந்திக்கொண்டு இவ்வழியே செய்திகள் பரவின. நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கப்பட்டது. அதன் பின்னர் பிரவுசிங் சென்டர்களில் அமர்ந்து இவ்வரட்டையிற் கலந்துகொண்ட நம் இளைஞர் பலர். இன்று கைபேசிக் குழுக்கள் பெருகிவிட்டமையால் அதன் கூட்டம் குறைந்துவிட்டது. எனினும், கட்டற்ற மென்பொருள்களை ஆக்குவோர் இன்றும் அங்கே கூடுகின்றனர்.

இவ்வரட்டை வலையில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி இடம் உண்டு. அதனைச் ‘சேனல்’ என்பர். நாம் இப்பேச்சில் ‘அரங்கு’ என்றே வழங்குவோம். எவரும் ஒரு பெயரைச் சூட்டிப் புதிய அரங்கு ஒன்றைத் திறக்கலாம். முதலில் நுழைபவர் பெயருக்கு முன்னே, மின்னஞ்சல் முகவரியில் வருமே, அந்தச் சுழிக்குறி தோன்றும். அதுவே அவருக்குரிய செங்கோல். அக்குறியை உடையவர் அரங்கின் தலைப்பை மாற்றலாம்; வம்பரை வெளியே தள்ளலாம்; மீண்டும் நுழையாதவாறு தடை விதிக்கலாம்; அரங்கு முழுவதையும் அமைதி நிலையில் வைத்து, தாம் இசைவளித்தவர் மட்டுமே பேசுமாறு செய்யலாம்; தம் அதிகாரத்தைப் பிறர்க்கும் பகிர்ந்தளிக்கலாம்.

இங்கே ஒரு குறை இருந்தது. தகுதி உடையவர்க்கு அன்றி, முதலில் வந்தவர்க்கே அதிகாரம் கிடைத்தது. கணினிகளுக்கு இடையே உள்ள இணைப்பு அறுந்துவிட்டால் ஓர் அரங்கு இரண்டு துண்டாகும். ஆளற்றுப்போன துண்டிற்குள் அயலார் ஒருவர் நுழைந்து சுழிக்குறியைப் பெற்று, இணைப்பு மீண்டதும் பழைய காவலர்களை வெளியேற்றி அரங்கையே கவர்ந்துகொள்வதும் உண்டு. பூட்டாத வீட்டில் புகுந்தவன் வீட்டுக்காரனையே விரட்டிய கதைதான்! இத்தொல்லைக்கு மாற்றுத் தேடிய சிலர் புதிய வலைகளைக் கண்டனர். 1992இல் ‘அண்டர்நெட்’, 1994இல் ‘டால்நெட்’ என்பன தோன்றின. இன்ன அரங்கு இன்னாருடையது என்று பதிவுசெய்து காக்கும் முறை அவற்றில் வளர்ந்தது. பத்திரப் பதிவு அலுவலகம் நிலத்திற்குச் செய்வதை அப்பதிவேடு அரங்கிற்குச் செய்தது.

திருட்டை ஒழிக்கப் பதிவேடு போதும். ஆனால் உரிமை உடையவரே கொடுங்கோலர் ஆகிவிட்டால் என் செய்வது? பதிவேட்டில் அதற்கு மருந்து இல்லை. அது காவலரின் பழக்கத்தில் விளைய வேண்டிய ஒன்று. நெடுங்காலம் இப்பணியைச் செய்தவர்கள் கண்ட முறைகள் சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, சிறிய மருந்தால் தீரும் நோய்க்குப் பெரிய மருந்து கொடுத்தல் ஆகாது. தனியே அழைத்து ஒரு சொல் சொல்லிப் பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காதவரைச் சிறிது நேரம் வாய்மூடி இருக்கச் செய்யலாம். வெளியே தள்ளுவது அதற்கு அடுத்த படி. தடை விதிப்பது இறுதிப் படி. அத்தடையிலும் ஓர் அபாயம் உண்டு. ஒருவருடைய பெயரைத் தடுத்தால் அவர் வேறு பெயரில் வருவார். ஆதலால் அவருடைய கணினி முகவரியைத் தடுப்பது வழக்கம். ஒரு பிரவுசிங் சென்டரில் இருக்கும் கணினிகள் யாவும் வெளியுலகிற்கு ஒரே முகவரியாகத் தோன்றுதல் கூடும். ஒருவனைத் தடுக்கப் புகுந்து, அவனருகே அமர்ந்திருக்கும் பத்துப் பேரையும் தடுத்துவிடுவோம். குற்றவாளியின் தெருவுக்கே தண்டனை விதிப்பது நீதி ஆகுமா?

இரண்டாவது, அதிகாரத்தை எப்போதும் காட்டிக்கொண்டிராமை. ‘ஃப்ரீநோடு’ என்னும் வலை வகுத்திருந்த நெறிமுறைகளில் இது சிறப்பிடம் பெற்றிருந்தது. வேண்டியபோது மட்டும் சுழிக்குறியை எடுத்து அணிந்து, வேலை முடிந்தவுடன் கழற்றி வைத்துவிட்டு, மற்றவரைப் போலவே அமர்ந்து பேசுக என்று அது அறிவுறுத்தியது. பிரம்பைக் கையிலேந்தி நிற்கும் ஆசிரியரைக் கண்டால் குறும்பு செய்யத் தோன்றும் மாணவன் உண்டன்றோ? பிரம்பு அலமாரியில் இருக்குமாயின் அவன் பாடத்தைக் கேட்பான்.

மூன்றாவது, அடக்குவதற்கு முன்னே முறைப்படுத்துதல். வங்காளத்தில் துர்காபூர் நகரைச் சேர்ந்த லினக்ஸ் பயனர் குழுவினர், 2008ஆம் ஆண்டு முதல் ஐ.ஆர்.சி. அரங்கு ஒன்றிலே மாணவர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி அளித்து வந்தனர். ஐயம் எழுந்த மாணவர் உடனே கேள்வியைக் கொட்டிவிடலாகாது. ஒரு வியப்புக்குறியை மட்டும் இட்டுக் காத்திருக்க வேண்டும். வகுப்பில் கையை உயர்த்துவதற்கு அது ஈடாகும். முறை வந்ததும் அவர் பெயர் அழைக்கப்படும், அப்பொழுது கேட்கலாம். ஒரே ஒரு குறியால் கூச்சல் வகுப்பாக மாறிவிட்டது! எவரையும் தண்டிக்காமலே ஒழுங்கு பிறந்தது.

நான்காவது, மொழியறிவு. வசைச் சொற்களின் பட்டியலைக் கணினிக்குக் கொடுத்து, அவை தோன்றியவுடன் பேசியவரை வெளியேற்றுமாறு செய்பவர் உளர். ஆங்கிலத்திற்கு ஆக்கிய பட்டியல் தமிழுக்கு உதவாது. நம்மவர் தமிழை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒரு சொல்லுக்கே நான்கு வடிவங்கள் உண்டாகின்றன. மேலும், ஒருவரை ‘வாடா’ என்பது தோழமையா, இழிவா என்பதைச் சொல்லும் இருவரின் உறவை அறிந்தவரே உணர முடியும். எனவே அரங்கின் காவலர், அவ்வரங்கினர் பேச்சைக் கேட்டுப் பழகிய ஒருவராக இருத்தல் இன்றியமையாதது.

இந்நெறிகளையெல்லாம் வகுத்த அதே ஃப்ரீநோடு வலையின் முடிவு நமக்கு ஒரு பாடம். அவ்வலையை நடத்தி வந்தோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். வலையின் உடைமை யாரிடம் என்பது பற்றிய பூசல் முற்றவே, 2021ஆம் ஆண்டு மே மாதம் அத்தொண்டர்களிற் பெரும்பாலோர் விலகி, மே 19ஆம் நாள் ‘லிபரா சாட்’ என்னும் புதிய வலையைத் தொடங்கினர். ஒரு வாரத்திற்குள் பழைய வலையின் புதிய நிருவாகம், தலைப்பில் ‘லிபரா’ என்னும் பெயரைக் குறித்திருந்த நூற்றுக்கணக்கான அரங்குகளை அவற்றின் காவலர்களிடமிருந்து பறித்துக்கொண்டது. விளைவு என்ன? உபுண்டு, விக்கிமீடியா முதலிய பெருங்குழுக்கள் புதிய வலைக்குக் குடிபெயர்ந்தன. சுவர்கள் உடைமையாளரிடம் நின்றுவிட்டன. அவை எழுந்து போய்விட்டது. மக்கள் தாமே விரும்பி வந்து அமரும் இடத்தில் அதிகாரம் என்பது கடன் வாங்கிய பொருள். அதனைச் சொந்தப் பொருளாகக் கருதியவரிடம் வெற்று மண்டபமே எஞ்சும்.

தமிழர்க்கு இது புதிய பாடமன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் உள்ளன. ஊரவையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்த செய்தியை அவை கூறுகின்றன. அது அந்தணர் ஊரின் அவை. நிலமும் கல்வியும் உடையார்க்கே அதில் இடமிருந்தது. இக்காலத்துக் குடியாட்சிக்கு அது ஒப்பாகாது. ஆயினும் அதில் இரண்டு விதிகள் என்றும் நினைக்கத்தக்கன. வாரியப் பொறுப்பு 360 நாட்களுக்கே. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது. அவர்தம் நெருங்கிய உறவினரும் வர இயலாது. கால எல்லையும் கணக்குக் காட்டுதலும் அதிகாரத்தின் இரு கடிவாளங்கள். அரட்டை அரங்கிற்கும் அவை பொருந்தும். யாரை, எக்காரணத்தால், எவ்வளவு காலத்திற்கு விலக்கினோம் என்பதை எழுதி வைத்து, கேட்போர்க்குக் காட்டும் காவலரை அவையோர் நம்புவர்.

நேயர்களே, தாய்நாட்டை விட்டு அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு இப்பொருள் வெறும் பொழுதுபோக்கன்று. இன்று ஒவ்வொரு நகரத்திலும் தமிழர்க்கெனக் கைபேசிக் குழுக்கள் உள்ளன. வீடு வாடகைக்குக் கேட்பது முதல் பொங்கல் விழாவுக்கு நிதி திரட்டுவது வரை யாவும் அவற்றில் நடைபெறுகின்றன. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தை நினைவுகூருங்கள். காவிரி நீரைப் பற்றிய உச்சநீதிமன்ற ஆணையை ஒட்டி, இரு மாநிலங்களிலும் அடிதடிகள் நிகழ்ந்தன. செப்டம்பர் 12ஆம் நாள் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன. ஓரிடத்தில் ஒருவரை அடிக்கும் காட்சி, கைபேசி வழியே பரவி, மற்றோர் இடத்தில் வேறொருவரை அடிப்பதற்குக் காரணமாயிற்று. அத்தகைய இரவில் ஒரு குழுவின் காவலர் செய்யக்கூடியது என்ன? தாம் மட்டுமே செய்தி இடத்தக்கவாறு குழுவைச் சிறிது நேரம் அமைதி நிலையில் வைக்கலாம். அன்று ஐ.ஆர்.சி. அரங்கில் கண்ட அதே கருவி இன்று நம் கைபேசியிலும் இருக்கிறது. உறுதிப்படாத படங்களை நிறுத்தி, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த எண்ணில் காவல்துறையை அழைக்கலாம் என்பனவற்றை மட்டும் தெரிவிக்கலாம். நிலைமை தணிந்தவுடன், சொன்ன சொல் தவறாமல், அரங்கை மீண்டும் திறந்துவிட வேண்டும். நெருக்கடிக்குப் பூட்டிய கதவை நெருக்கடி நீங்கியும் திறவாதிருப்பது வேறொரு கொடுமை.

காவலர் ஆனால் வழக்கு வருமோ என்று அஞ்சுவோர் பலர். ஒரு குழுவில் மற்றொருவர் இட்ட செய்திக்காக, வேறு பங்கு ஏதுமில்லாத மேற்பார்வையாளரைக் குற்றவாளி ஆக்குதல் ஆகாது என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 2021இலும், கேரள உயர்நீதிமன்றம் 2022இலும் கூறியுள்ளன. கரூர் வழக்கறிஞர் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில் இக்கருத்தையே பின்பற்றியது. அவர் அச்செய்திக்கு உடந்தையாக இருந்தால் நிலை வேறு. சட்டம் நம்மிடம் கேட்கும் அளவு இவ்வளவே. அண்டை வீட்டுக் கன்னடியரோடு நாளையும் முகம் பார்த்து வாழ வேண்டிய நம் மனச்சான்று கேட்பது இதனினும் மிகுதி.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலின், முடிவில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறி நிறுத்துகிறேன். இப்பணி புரிவாரைத் தமிழ் இணையத்தார் ‘மட்டுறுத்துநர்’ என்று வழங்குகின்றனர். மட்டு என்பது அளவு. பிறர் பேச்சுக்கு அளவு காண்பவர் என்பது பொருள். அவர் தம் அதிகாரத்திற்கும் அளவு காணக் கடமைப்பட்டவர் என்பதையும் அச்சொல்லே உணர்த்துகிறது. கன்னடத்திலோ, நாம் நாள்தோறும் ஏறும் நகரப் பேருந்தில் சீட்டுக் கொடுப்பவரை ‘நிர்வாஹகர்’ என்கின்றனர். எவ்வளவு பொருத்தமான சொல்! பேருந்து அவருடையது அன்று. அதனை ஓட்டுபவரும் அவர் அல்லர். ஏறியவர் அனைவருக்கும் இடம் கிடைக்கிறதா, முதியவர் அமர்ந்தாரா, இறங்க வேண்டியவர் இறங்கினாரா என்று பார்ப்பதே அவர் வேலை. நீங்கள் ஒரு குழுவின் பொறுப்பில் இருந்தால், அவ்வேலை உங்களுடையது என்று கருதுங்கள்.