வளவிலே ஒரு சிறு குளம்



மாரி மழை ஓய்ந்து, தை பிறந்து, வயலிலே நெல் முற்றிக்கொண்டிருக்கும் வேளையில், வீட்டு வளவில் நட்ட கத்தரியும் மிளகாயும் வாடத் தொடங்குவதை உலர்வலயத்தார் எல்லோரும் அறிவர். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை அதே வளவில் வெள்ளம் பெருகி, ஒழுங்கையில் இறங்கி, வீணே ஓடிப் போயிற்று. அவ்வாறு ஓடும் நீரில் ஒரு பங்கை நிறுத்திவைக்கும் சிறு குளமொன்றை நீங்களே வெட்டி அமைத்துக்கொள்ளும் முறையை இன்று எடுத்துக் கூறுவேன்.

எல்லா வளவும் குளத்துக்கு ஏற்றதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண், சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடப்பது. அங்கே வெட்டிய குழியில் நீர் தங்காது. அத்தகைய இடத்தில் கூரை நீரைச் சீமெந்துத் தொட்டியில் சேர்ப்பதே தக்கது. குளத்துக்கு வீணாகப் பாடுபட வேண்டாம். கடலை அடுத்த காணிகளில் ஆழ வெட்டினால் உவர் நீர் மேலே ஏறும். வன்னியிலும் கிழக்கிலும் உள்ளவர்கள் தங்கள் மண்ணைச் சோதித்தறிதல் வேண்டும். சோதனை எளிது. குளம் அமைக்க எண்ணிய இடத்தில் இடுப்பளவு குழி ஒன்று வெட்டுங்கள். காலையில் அதை நிரம்ப நீரூற்றுங்கள். உலர்ந்த மண் குடிப்பதால் மாலைக்குள் நீர் குறையும்; அதைக்கொண்டு முடிவு செய்யலாகாது. மாலையில் மீண்டும் நிரப்பி, இலை நிறைந்த கொப்புகளால் மூடிவிடுங்கள். மறுநாட் காலை நீரின் பெரும்பகுதி எஞ்சியிருப்பின் அம்மண் குளத்துக்கு உகந்தது. பாதிக்குமேல் வற்றியிருப்பின் களிமண் பூச்சு இன்றியமையாதது. முழுவதும் வற்றியிருப்பின் வேறிடம் பாருங்கள்.

கூரை நீரும் முற்றத்து நீரும் இயல்பாக வந்து சேரும் தாழ்ந்த பக்கமே தக்க இடமாகும். மலகூடக் குழிக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் கீழ்ப்புறமாக அமைக்க வேண்டாம். பெருமரங்களுக்கு அண்மையும் ஆகாது. வேர் பூச்சைப் பிளக்கும், இலை விழுந்து அழுகும். போர் நடந்த பகுதிகளில் வாழ்வோர், தங்கள் காணி கண்ணிவெடி அகற்றிய காணியென உறுதி செய்துகொண்டே மண்வெட்டியை எடுத்தல் வேண்டும். வெட்டும்போது இனந்தெரியாத உலோகப் பொருள் தென்படின் அதைத் தொடாது விலகி, உடனே பொலிசாருக்கு அறிவியுங்கள்.

இனி அளவைக் கவனிப்போம். மேல்வாய் 20 அடி நீளம், 15 அடி அகலம். ஆழம் 6 அடி. ஓரடி ஆழத்துக்கு ஓரடி உட்சரிவு. இவ்வாறு வெட்டினால் அடித்தளம் 8 அடி நீளமும் 3 அடி அகலமும் உடையதாய் அமையும். அது கொள்ளும் நீர் ஏறக்குறைய 828 கன அடி, அதாவது 23,000 லீற்றருக்குச் சற்று மேல். 500 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் 1,180 லீற்றர் வரை கிடைக்கும். ஆகவே இருபது அங்குல மழை இக்குளத்தை நிரப்பப் போதியது.

இந்நீரை முதலில் குடிப்பது உங்கள் மிளகாய்க் கன்று அன்று, வெயிலே. கோடை தொடங்கும் காலத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகிப் போகும். இரண்டு மாதத்தில் அது ஓரடியாகிவிடும். ஓரடிதானே என்று எண்ணாதீர்கள். குளம் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருப்பதால், மேலுள்ள அந்த ஓரடியிலேயே மொத்த நீரில் மூன்றிலொரு பங்கு அடங்கியுள்ளது. பார்வைக்கு அழகாயிருக்குமென்று அகலமாகவும் ஆழமின்றியும் வெட்டப்பட்ட குளங்கள் மாசி மாதத்தில் வெறுஞ்சேறாகக் கிடப்பதன் காரணம் இதுவே. இடம் குறைவாயின் அகலத்தைக் குறையுங்கள், ஆழத்தைக் குறைக்க வேண்டாம். மேற்குப் பக்கத்தில், வரம்புக்கு வெளியே, வாழை வரிசையொன்று நட்டால் மாலை வெயிலும் காற்றும் தணியும்.

கசிவையும் மீனுக்கு அடியில் விடும் நீரையும் கழித்துப் பார்த்தால், இக்குளத்தை நம்பி 200 சதுர அடிப் பாத்திக்கு இரண்டு மாதம் நீர் வார்க்கலாம். அதற்கு மேல் ஆசைப்படுதல் பயிருக்குக் கேடு.

வெட்டும் வேலையை ஆடி, ஆவணியில் தொடங்கிப் புரட்டாதிக்குள் முடித்தல் நன்று. மேல்மண்ணை வேறாகக் குவியுங்கள்; அது பாத்திக்கு உரியது. அடிமண்ணை விளிம்பிலிருந்து மூன்றடிக்கு அப்பால் வரம்பாக இடுங்கள். விளிம்பிலேயே குவித்தால் அதன் பாரத்தால் கரை சரியும்; உள்ளே நின்று வெட்டுபவர் மேல் மண் விழுந்தால் உயிர்ச்சேதமும் நேரலாம். செங்குத்தாக வெட்டாது படிபடியாக இறக்கி, இறுதியில் படிகளைச் செதுக்கிச் சரிவாக்குங்கள். மணற் பாங்கான நிலமாயின் ஓரடிக்கு ஒன்றரை அடி சரிவு வேண்டும்.

பூச்சுக்குப் புற்றுமண்ணோ குளத்துக் களிமண்ணோ ஏற்றது. கல்லும் வேரும் நீக்கி, நீர் தெளித்து, மாவுபோல் பிசையும் பதம் வரும்வரை மிதியுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கி மூன்று அங்குலக் கனமாகப் பரப்பி, கட்டையால் இடித்து, அதன்மேல் இன்னொரு மூன்று அங்குலம் இடுங்கள். இந்த ஆறு அங்குலத்தையும் கணக்கிட்டே குழியை வெட்டுதல் வேண்டும். பூச்சு காய்ந்து வெடித்தால் செய்த வேலை அத்தனையும் பாழ். மழை வரும்வரை ஈர வைக்கோலால் மூடிவையுங்கள். பொலித்தீன் விரிப்பும் உதவும். ஆயின் அதன்மேல் மண் மூடாவிட்டால் வெயிலில் நொருங்கிப் போகும்.

நீர் உள்ளே வரும் வாயில் இரண்டடி அகலக் குழியொன்று வெட்டிவிட்டால் வண்டல் அங்கே தங்கிவிடும். மிகுந்த நீர் வெளியேறுவதற்கு, வரம்பின் தலைக்கு ஓரடி கீழே வான் ஒன்று விட்டு, அதிற் புற்பற்றை பதியுங்கள். வானில்லாத குளம் முதற் பெருமழையிலேயே உடையும்.

பூச்சிநாசினி தெளிக்கும் கருவியை இக்குளத்திற் கழுவலாகாது. அழகுக்கென ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து விடுவதும் தவறு. 1939ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா, பின்னர் குளங்களிலும் வயல்களிலும் பரவிக் கமக்காரரை வருத்தியது. அல்லி இரண்டொன்று போதும்.

நுளம்பைப்பற்றியும் கூறல் வேண்டும். 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இந்நாட்டிற் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது; 2016இல் இலங்கை அந்நோயற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. உங்கள் குளம் அதற்கு இடையூறாகலாகாது. கப்பி மீன் சிலவற்றை விட்டால் அவை நுளம்புக் குடம்பிகளைத் தின்றுவிடும். 1952இல் இங்கு வந்த திலாப்பியா பெருங்குளத்துக்கு நன்று. இச்சிறு குளத்தில் பெருகி நெருங்கி வளர்ச்சி குன்றும். குளத்தைக் காத்துவிட்டு, அதன் கரையிலே சிரட்டையையும் உடைந்த வாளியையும் நீருடன் போட்டு வைப்போருமுளர்! டெங்கு நுளம்பு பெரிதும் விரும்புவது அவற்றையே.

சிறு பிள்ளைகளுள்ள வீட்டில் வேலி அடைக்கும்வரை குளத்தில் நீர் விடாதீர்கள். குழந்தை நீரில் மூழ்கும்போது கூக்குரல் எழுவதில்லை. அடுக்களையில் நிற்கும் தாய்க்கு எதுவும் கேளாது. நான்கடி உயரத்தில், பிள்ளை நுழையவோ ஏறவோ இயலாதபடி நெருக்கமாக அடைத்து, படலைக்குக் கொளுக்கி மேலே இடுங்கள். வேலியில்லாக் குளத்தைவிட வாடிய மிளகாய்ப் பாத்தி எவ்வளவோ மேல். நீர் அள்ளுவதற்குக் கல்லோ மரக்குற்றியோ பதித்துப் படி அமையுங்கள். களிச் சரிவு வழுக்கும்.

மண்ணைப்பற்றி ஐயமுடையோர் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரை அழைத்துக் காட்டலாம். ஆனி, ஆடியில் நீர் வற்றியதும் அடியிற் படிந்த வண்டலை, பூச்சைக் கிளறாமல் தட்டையான பலகையால் வழித்தெடுத்துப் பாத்திக்கு இடுங்கள். வெடிப்புக் கண்ட இடங்களிற் புதுக் களி அப்பி, மறுபடியும் ஈர வைக்கோலால் மூடிவிடுங்கள்.