மறதியுள்ள வானொலி

காருடன் வந்த வானொலிப் பெட்டியை அகற்றிவிட்டுக் கடையில் வாங்கிய புதியதொன்றைப் பொருத்துவோர், அதன் இரு கம்பிகளை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். மஞ்சள் கம்பிக்குப் பாட்டரியின் 12 வோல்ட் எந்நேரமும் தேவை. தேர்ந்து வைத்த நிலையங்களின் நினைவைக் காப்பது அதுவே. சிவப்புக் கம்பிக்கோ, சாவியைத் திருப்பியபின் மின்சாரம் வந்தால் போதும்.

1990களின் வோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றில், காரின் செருகியில் இவ்விரண்டும் இடம் மாறியிருக்கும். அதை அறியாது பொருத்தினால் பெட்டி இனிதே பாடும். சாவியை எடுத்ததும் யாவற்றையும் மறந்துவிடும். பெட்டி பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டு செல்வோரும் உண்டு, பாவம்! சிலரோ இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, எந்நேரமும் மின்சாரமுள்ள முனையில் பிணைத்துவிடுகின்றனர். நினைவு நிற்கும், ஆனால் சாவியை எடுத்தாலும் பெட்டி அணையாது. பாட்டரி வடிந்து, காலையில் கார் கிளம்பாது. வோல்ட்மீட்டரால் அளந்தறிந்து, பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றியபின் அவ்விரு கம்பிகளையும் இடம் மாற்றுவதே முறை.