அறுபது சீட்டுக்குள் எதற்கு இடம்?

(ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



சீட்டுக்கட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சங்கச் செயலாளர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ரம்மி இல்லைங்க அண்ணே" என்று விளக்க வேண்டியிருந்தது. நான் சொல்வது 'மேஜிக்: தி கேதரிங்'. 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம். உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ரம்மியில் எல்லோருக்கும் பொதுவான கட்டு. இதில் ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து பொறுக்கி, அவரவர் கட்டை அவரவரே அமைத்துக்கொண்டு வர வேண்டும். குறைந்தது 60 சீட்டு. அடிப்படை நிலச் சீட்டு தவிர எதிலும் 4 பிரதிக்கு மேல் கூடாது. நிலச் சீட்டு சக்தி தரும். அதைச் செலவழித்து மற்றவற்றை இறக்கலாம். எதிராளியின் 20 உயிர்ப்புள்ளிகளைத் தீர்த்தால் வெற்றி. விதிகள் இன்னும் நிறைய உண்டு. இன்றைக்கு இது போதும்.

நம் விடுதித் தம்பி ஒருவர் அடுத்த மாதம் ஒரு போட்டிக்குப் போகிறார். சேமித்த காசையெல்லாம் போட்டுச் சேர்த்த கட்டு. நேற்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன், 64 சீட்டு. "எதையும் எடுக்க மனசு வரல அண்ணா. 60க்கு மேல இருக்கலாம்னுதானே விதி?" என்றார்.

விதி சரிதான். கணக்கைப் பாருங்கள். 60இல் 24 நிலம் இருந்தால், தொடக்கத்தில் வாங்கும் 7 சீட்டில் நிலம் ஒன்றோ பூஜ்யமோ வருவது நூற்றுக்கு 14 முறை. அதே 24 நிலம் 64 சீட்டில் இருந்தால் 18 முறை. கையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ஒரு சீட்டை இழக்க வேண்டும். நிலத்தையும் கூட்டிவிடலாமே என்பீர்கள். சரி, ஆனால் 4 பிரதி வைத்த நல்ல சீட்டு முதல் கையில் வரும் வாய்ப்பு 40இலிருந்து 38 ஆகக் குறையும். அதற்கு என்ன செய்வது? அந்த இடத்தில் வருவது, நீங்களே கடைசியாகச் சேர்த்த சீட்டு.

அப்படியானால் எதை எடுப்பது? தம்பியின் கட்டு வேகமாக அடிக்கும் சிவப்புக் கட்டு. அதில் இரண்டு 'ஷிவன் டிராகன்'. அழகான படம், பறக்கும், ஒரு அடிக்கு 5 புள்ளி. ஆனால் இறக்க 6 சக்தி வேண்டும். 60இல் 24 நிலம் என்று திருத்தினாலும், இரண்டாவதாக ஆடுபவர் தன் ஆறாவது முறைக்குள் பார்ப்பது 13 சீட்டு. அதில் சராசரியாக 5.2 நிலம்தான். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது டிராகன் தேவையில்லை. தோற்றுக்கொண்டிருக்கும்போது அதை இறக்க முடியாது. ஒரு சீட்டைக் கனவு ஆட்டத்தில் வைத்து மதிப்பிடாமல், உயிர்ப்புள்ளி நாலுக்கு வந்துவிட்ட நேரத்தில் கையில் வந்தால் என்ன செய்யும் என்று பார்க்கச் சொன்னேன். தம்பி முகம் வாடிவிட்டது.

1996இல் அட்லாண்டாவில் பால் ஸ்லை என்பவர் ஆடிய கட்டு இன்றும் பேசப்படுகிறது. வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். 'அயர்ன்கிளா ஆர்க்ஸ்' போன்று யாரும் சீந்தாத சீட்டுகள் அதில் இருந்தன. ஒவ்வொரு முறையும் கிடைக்கும் சக்தி வீணாகாமல் செலவாக வேண்டும் என்பதே திட்டம். மட்டமான சீட்டும் சரியான விலையில் இருந்ததால் வேலை செய்தது. ஒரே சக்திக்கு 3 புள்ளி அடிக்கும் 'லைட்னிங் போல்ட்' நான்கும் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆர்க்ஸுக்கு அநியாயப் புகழ்!

பிரதி எண்ணிக்கைக்கும் காரணம் வேண்டும். முதல் கையிலேயே வேண்டுமா, 4. ஒன்று வந்தால் நல்லது, இரண்டாவது சுமை என்றால் 2 அல்லது 3. கடையில் இரண்டுதான் கிடைத்தது என்பதெல்லாம் காரணமில்லை.

கடைசியாக, ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் 15 மாற்றுச் சீட்டுகள். எடுக்க மனசு வராததையெல்லாம் கொண்டுபோய்ப் போடும் பரண் அல்ல அது. எந்த எதிராளி வந்தால் எது உள்ளே, அதற்காக எது வெளியே என்பதை வீட்டிலேயே எழுதிப் பார்க்க வேண்டும். வெளியே அனுப்ப எதுவும் இல்லையென்றால் உள்ளே வருவதற்கும் இடமில்லை. தம்பி இன்னும் அந்தப் பட்டியலை எழுதவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருகிறோம், விருப்பமுள்ளவர்கள் வரலாம்.