70 வளைவும் ஒரு டேங்க் மூடியும்



காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைக்கு வருகிறவர்கள் அவற்றை எண்ணிக்கொண்டே வருவார்கள். பின்சீட்டுக் குழந்தைகள் பலகையில் இருக்கும் எண்ணைச் சத்தமாகப் படிப்பார்கள். என் கண் மட்டும் முன்னால் போகும் பழைய வண்டியின் பெட்ரோல் மூடியில் நிற்கும். மூடிக்குக் கீழே தகரத்தில் ஈரக்கோடு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறைக்காரனுக்கு அது பழக்கமாகிவிட்டது.

மூடிக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கிறதே, பட்டறையில் அதை 'நெக்' என்போம், டேங்கின் கழுத்து. அந்தக் கழுத்தை இருக்கும் இடத்திலிருந்து வேறு இடத்துக்கு மாற்றும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மலையில் மிளகும் காப்பியும் வைத்திருக்கும் ஒரு பெரியவர் ஒரு ஜீப்பைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ். போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட அந்த மாதிரி ஜீப்புகள் நம் நாட்டில் ஏலத்துக்கு வந்து பல கை மாறியிருக்கின்றன. அதில் டேங்க் இருப்பது டிரைவர் சீட்டுக்கு அடியில். ஏறத்தாழ 57 லிட்டர் பிடிக்கும். பெட்ரோல் போட வேண்டுமென்றால் இறங்கி, மெத்தையைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் மூடியைத் திறக்க வேண்டும்.

சீட்டுக்கு அடியில் டேங்க் வைப்பது அதற்கும் முந்திய வழக்கம், நேயர்களே. ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி காரில் பெரும்பாலானவற்றுக்கு அங்கேதான் டேங்க். பெட்ரோலை இழுத்துக் கொடுக்கப் பம்ப் கிடையாது. தானாக வழிந்து இன்ஜினுக்குப் போக வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும் நேரத்தில் செங்குத்தான மேடு வந்தால் இன்ஜின் டேங்கைவிட உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் எட்டாது. அதனால் அமெரிக்காவில் மேட்டை ரிவர்சில் ஏறியிருக்கிறார்கள். நம் 70 வளைவையும் ஒருவர் ரிவர்சில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள்!

பெரியவர் கேட்டது இதுதான்: "ஒவ்வொரு தடவையும் மெத்தையத் தூக்க முடியலீங்க தம்பி. மழைல மெத்தை நனையுது, உள்ளாற பெட்ரோல் சிந்துது. வெளிப்பக்கமா மூடி வெச்சுக் குடுங்க."

நியாயமான ஆசை. 1945-ல் வில்லிஸ் கம்பெனியே பொதுமக்களுக்காக சிஜே-2ஏ என்ற ஜீப்பைக் கொண்டுவந்தபோது செய்த மாற்றங்களில் இது ஒன்று. மூடி பாடியின் வெளிப்பக்கத்துக்கு வந்துவிட்டது.

ஆனாலும் உடனே சரி என்று நான் சொல்லவில்லை. பிறந்த கோலம் மாறாமல் ஒரு வண்டி வந்தால் அதன் தகரத்தில் ஓட்டை போட எனக்குக் கை வராது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்காக 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 'விஏ' என்ற எழுத்துகளோடு பதிவு எண் தருகிறார்கள். சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. பெரியவரின் ஜீப்பிலோ முன்னமே இன்ஜின் மாறியிருந்தது, பக்கத் தகரம் இரண்டும் உள்ளூரில் அடித்தவை. அதனால்தான் துணிந்து கை வைத்தேன்.

தகரத்தில் வட்டம் வெட்டுவது அரை மணி வேலை. நெக்கை வளைத்துப் பொருத்த ஒரு நாள். என்னை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தது காற்று.

வீட்டில் எண்ணெய் டின் உடைத்திருப்பீர்கள். ஒரு மூலையில் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் குபுக் குபுக்கென்று விட்டு விட்டு வரும். எதிர் மூலையில் ஆணியால் இன்னொரு துளை போட்ட பிறகு சீராக ஊற்றும். எண்ணெய் வெளியேறிய இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டுமே. டேங்கில் இதுவே தலைகீழாக நடக்கிறது. பங்க்கில் நிமிடத்துக்கு 30, 40 லிட்டர் வேகத்தில் பெட்ரோல் இறங்கும்போது அதே அளவு காற்று அதே வேகத்தில் வெளியேற வேண்டும். அதற்குத்தான் பிரீதர் என்ற சின்னக் குழாய். டேங்கின் மிக உயரமான இடத்தில் தொடங்கி, மூடிக்குச் சற்றுக் கீழே நெக்கில் வந்து சேரும்.

பங்க்கில் 'டக்' என்று தானாக நிற்கிறதே, அது எப்படி என்று கவனித்திருக்கிறீர்களா? நாசில் முனைக்குப் பக்கத்தில் ஒரு பொடித் துளை உண்டு. பெட்ரோல் பாயும்போது அந்தத் துளை வழியாகக் காற்று உறிஞ்சப்படுகிறது. பெட்ரோல் மட்டம் ஏறி துளையை மூடியதும் காற்று வராது. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு இழுபட்டு விசையை விடுவிக்கும், நின்றுவிடும். மின்சாரம் எதுவும் வேண்டாம். எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

அந்தத் துளை எங்கள் முதல் முயற்சியைக் காட்டிக்கொடுத்தது. பிரீதர் ஹோஸ் நடுவில் லேசாகத் தொய்ந்திருப்பதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அந்தத் தொய்வில் கொஞ்சம் பெட்ரோல் தேங்கிக் காற்றின் வழியை அடைத்தது. வெளியேற முடியாத காற்று நெக் வழியாகவே திரும்ப, பெட்ரோல் நுரைத்து மேலே வந்தது. அரை லிட்டருக்கு ஒரு 'டக்'. பங்க் பையன் பத்து முறை அழுத்தி, "அண்ணா, டேங்க் ஃபுல்லுங்களா?" என்றான். டேங்க் கிட்டத்தட்டக் காலி!

எல்லாவற்றையும் பிரித்தோம். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஊடுருவிப் போனதாகப் புறநானூறு சொல்கிறது. நெக்கும் அந்த அம்பு மாதிரி இருக்க வேண்டும் என்று பையன்களிடம் சொன்னேன். மூடியிலிருந்து டேங்க் வரை ஒரே சரிவு, நடுவில் எங்கும் மேடும் பள்ளமும் கூடாது. பிரீதரும் அப்படியே, டேங்கிலிருந்து மூடி வரை ஏறிக்கொண்டே போக வேண்டும்.

இனி வளைவுக்கு வருவோம். பெரியவரின் ஜீப் இடது பக்க ஸ்டியரிங். டேங்கும் இடப்பக்கம், நாங்கள் வைத்த மூடியும் இடப்பக்கம். வலது பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் பெட்ரோல் இடது பக்கம் சாய்ந்து மூடியை முட்டும். 70-ல் பாதியென்று வைத்தாலும் 35 முறை. ஆகவே மூடியைத் தகரத்தின் மேல் விளிம்பு வரை உயர்த்தினோம். முழு டேங்கின் மட்டத்துக்கு மேலே வாய் இருந்தால்தான் வளைவில் பிழைக்கும்.

மூடியை இறுக்கி அடைத்தால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். வெகு நாளுக்கு முன் வேறொரு வண்டிக்குக் காற்றுத்துளை இல்லாத மூடியை நான் மாட்டிவிட்டேன். நாற்பதாவது வளைவு தாண்டி வண்டி நின்றுபோனது. மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. சாவியைத் திருப்பினேன், கிளம்பிவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று வராமல் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் தவித்திருக்கிறது. பழைய வண்டி மேட்டில் நின்றால் முதலில் மூடியைத் திறந்து காது கொடுங்கள்.

கடிகாரம் கையைக் காட்டுகிறது. மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இணைப்புக்கு ரேடியேட்டர் ஹோஸ் போடாதீர்கள். பெட்ரோலுக்கென்றே வரும் ஹோஸ் வேண்டும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் ஊறி இளகும். ரப்பர் நடுவில் வந்தால் நெக்கின் இரும்பு தனித்துவிடும். அதை ஒரு வயரால் சேசிஸோடு இணைத்துவிடுங்கள், நிலைமின்சாரப் பொறிக்கு இடமிருக்காது. இணைப்பு எளிதில் கழன்று வரவும் கூடாது. அமெரிக்காவில் ஃபோர்டு பின்டோ கார்கள் பின்னாலிருந்து மோதப்பட்டபோது நெக் பிடுங்கிக்கொண்டு தீப்பிடித்ததால், 1978-ல் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்து நீளமான நெக் மாட்டினார்கள்.

இன்னொன்றை மட்டும் நிதானமாகக் கேளுங்கள். காலி டேங்கில் வெல்டிங் வைக்காதீர்கள். காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே வெடிக்கும். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்குக்குத்தான் நான் பயப்படுவேன். எங்கள் டேங்கை நாமக்கல் பக்கம் டேங்கர் லாரி வேலை தெரிந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், நீராவியால் நன்றாகக் கழுவிய பிறகே பற்றவைத்தோம்.

வேலை முடிந்ததும் மூடியைச் சுற்றி சாக்பீஸ் பூசி, பெரியவரோடு மலை ஏறினேன். ஈரம் பட்டால் கறுத்துக் காட்டும். மலைமேல் செம்மேட்டில் இறங்கிப் பார்த்தோம், வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பெரியவர் விரலால் தொட்டு முகர்ந்தார். "வாசனையே இல்லீங்க தம்பி" என்றார்.

பழைய வண்டியில் எங்கள் மலைக்கு வருகிறவர்கள் அடிவாரத்தில் டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு, பத்திரமாக ஏறி வாருங்கள்.