யுத்தகாலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டக்களம்

(நமது சங்கத்தின் வாலிபர் மகாநாட்டில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம் மகாநாட்டிலே விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி நிர்வாக சபையார் நம்மைப் பணித்தார்கள். கல்வி, விவாகம், வியாபாரம், உபகாரச் சம்பளம் முதலிய பெருங் காரியங்கள் ஆலோசிக்கப்படும் சபையில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். ஆயினும் நாளைக் காலையில் இச் சபையின் முன் இரண்டு பிரேரணைகள் வரவிருக்கின்றன. நமது மாணவர் விடுதிக்குப் பின்புறமுள்ள ஆட்டக்களத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்பது ஒன்று. சங்கத்தின் கேடயப் பந்தயத்தில் இனி நம் குலத்துப் பிள்ளைகளை மாத்திரமே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தீர்மானிக்கு முன்னர், அயல்நாடொன்றில் யுத்தகாலத்திலே பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு நேர்ந்த கதியைச் சற்றே கேட்டருளும்படி வேண்டுகின்றோம்.

அந்நாடு ஜப்பான். பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தை 1872-ஆம் வருஷத்தில் ஹொரேஸ் வில்ஸன் என்ற அமெரிக்க உபாத்தியாயர் அங்குள்ள மாணாக்கருக்குக் கற்பித்தார். அந்நிய தேசத்து ஆட்டமாயினும் அது விரைவிலேயே ஜப்பானியப் பிள்ளைகளின் சொந்த ஆட்டமாயிற்று. 1915-ஆம் வருஷத்தில் ஒஸாகா நகரத்து அஸாஹி பத்திரிகையார் நாடு முழுவதுமுள்ள இடைநிலைப் பள்ளிகளுக்குப் பந்தயம் ஒன்றை ஏற்படுத்தினர். முதல் வருஷத்தில் இறுதிச் சுற்றுக்கு வந்தவை பத்துப் பள்ளிகளே. கியோட்டோ இரண்டாம் இடைநிலைப் பள்ளி வெற்றி பெற்றது. பின்னர்க் கூட்டம் பெருகவே, 1924-ஆம் வருஷத்தில் கோஷியென் என்னும் பெரும் ஆட்டரங்கம் கட்டப்பெற்றது. நமக்குப் பிரபவ முதலாக அறுபது வருஷங்கள் உள்ளவாறே கீழ்த்திசை நாட்டாருக்கும் ஓர் அறுபது வருஷச் சக்கரம் உண்டு. அச் சக்கரத்தின் முதல் வருஷத்தில் கட்டப்பட்டமையால் அவ்வருஷத்தின் பெயரையே அரங்கத்திற்கும் இட்டனர். ஆட்டக்காரர் கூலி வாங்குவோர் அல்லர். பன்னிரண்டு முதல் பதினெட்டு, பத்தொன்பது வயது வரையுள்ள மாணாக்கர். தம் ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் சுமந்து அவர்கள் வந்தார்கள்.

அக்காலத்தில் ஜப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த கொரியா, தைவான், மஞ்சூரியா ஆகிய இடங்களிலிருந்தும் கோஷ்டிகள் வந்தன. 1931-ஆம் வருஷத்தில் தைவானிலுள்ள கானோ என்னும் விவசாயப் பள்ளியின் கோஷ்டி இறுதிப் பந்தயம் வரை முன்னேறியது. அக் கோஷ்டியிலே மலைநாட்டு ஆதிக்குடிப் பிள்ளைகளும், சீன மரபினரும், ஜப்பானியரும் ஒருங்கே ஆடினர். இறுதியில் அவர்கள் தோற்றனர். ஆயினும் வென்ற கோஷ்டியைக் காட்டிலும் தோற்ற இக் கோஷ்டியையே ஜனங்கள் நெடுங்காலம் பேசினார்கள். மூவகை மரபினர் ஒரே சட்டையணிந்து ஒருவனுக்கு ஒருவன் பந்தெறிந்து ஆடிய அக் காட்சியை இன்னும் தைவானியர் மறக்கவில்லை. 2014-ஆம் வருஷத்தில் அதைச் சலனப்படமாகவும் எடுத்தார்கள்.

இனி யுத்தம் வந்த கதையைக் கூறுவோம். 1932-லேயே கல்வி இலாகா மாணாக்கரின் பேஸ்பாலைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. பிள்ளைகளின் ஆட்டத்தை வைத்துப் பணம் பண்ணுவோர் பெருகிவிட்டனர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காரணம் நல்லதே, ஆயினும் சர்க்காரின் கை களத்தில் விழுந்தது அப்போதுதான். 1937-இல் சீனத்தோடு யுத்தம் மூண்டது. அதன் பின்னரும் பந்தயம் நடந்துவந்தது. 1939-இல் வாகயாமா ஜில்லாவின் கைஸோ பள்ளியைச் சேர்ந்த ஷிமா ஸெயிச்சி என்ற மாணாக்கர் ஐந்து பந்தயங்களிலும் பந்து வீசினார். ஐந்திலும் எதிர்க் கட்சியார் ஓர் ஓட்டமேனும் பெறவில்லை. கடைசி இரண்டு பந்தயங்களில் அவர் பந்தை அடித்து ஒருவரேனும் தளம் சேரவில்லை. அத்தகைய காரியத்தை அதற்கு முன் ஒருவரும் செய்ததில்லை.

1941-இல் ஜில்லாப் பந்தயங்கள் தொடங்கி நடந்துகொண்டிருக்கையிலேயே, தேசியப் பந்தயம் நிறுத்தப்பட்டது என்ற உத்தரவு பிறந்தது. வருஷம் முழுவதும் பயின்ற பிள்ளைகள் பாதி வழியில் வீடு திரும்பினர். மறு வருஷம், அதாவது 1942-இல், பத்திரிகையாரை விலக்கிவிட்டுச் சர்க்காரே பதினாறு பள்ளிகளைக் கூட்டிக் கோஷியெனில் பந்தயம் நடத்தியது. அதன் விதிகளைக் கேளுங்கள். ஆட்டக்காரரை விளையாடுவோர் என்று சொல்லலாகாது. போர்வீரர் என்றே அழைக்கவேண்டும். சட்டையில் ரோம எழுத்துக்கள் இருக்கலாகாது. மட்டை பிடித்து நிற்பவன் தன் மேல் பந்து வந்தாலும் விலகலாகாது. விலகினால் எதிரியைத் தாக்கும் வீரத்துக்கு இழுக்காம். காயத்தால் ஆடவே இயலாதாயினன்றி ஒருவனுக்குப் பதிலாக மற்றொருவனை இறக்கலாகாது. இவ்வாறு நடந்த அப்பந்தயத்தின் இறுதியில் தொக்குஷிமா வாணிபப் பள்ளி பதினோராவது சுற்றில் எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் வென்றது. அவர்களுக்குப் பழைய வெற்றிக்கொடி கொடுக்கப்படவில்லை. கிடைத்தது ஒரு காகிதம். அதுவும் யுத்தத் தீயில் எரிந்துபோயிற்று. பந்தய வரிசையில் அவ்வருஷம் இன்றளவும் எண்ணப்படுவதில்லை. முப்பத்தைந்து வருஷம் சென்று 1977-இல் கல்வி இலாகா அவர்களுக்கு நற்சாட்சிப் பத்திரம் அளித்தது. பெற்றுக்கொண்டவர்கள் அப்போது பிள்ளைகள் அல்லர். ஐம்பதை எட்டிய மனிதர்கள்.

பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் போயின. ஆட்டத்தின் ஆங்கிலச் சொற்கள் விலக்கப்பட்டன. நல்ல பந்துக்கு 'யோஷி' என்றும், தவறிய பந்துக்குத் 'தாமே' என்றும் நடுவர்கள் கூவலாயினர். 1943-இல் கோஷியென் அரங்கத்தின் பெரிய இரும்புக் கூரை பிரிக்கப்பட்டு யுத்தத் தளவாடத்துக்கு ஈயப்பட்டது. பின்னர் அக் களத்திலேயே கிழங்கு பயிரிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளோ தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டனர்.

அதே 1943-இல் சர்வகலாசாலை மாணாக்கரையும் சேனைக்கு அழைப்பது என்று முடிவாயிற்று. அக்டோபர் 16-ந் தேதி, புறப்படுமுன் கடைசியாக ஒரு முறை ஆடவேண்டும் என்று வாஸேதா, கெயோ என்னும் இரு சர்வகலாசாலைகளின் கோஷ்டிகள் கூடின. கெயோவின் தலைவர் கொயிஸுமி ஷின்ஸோ என்பார். அவர் தம் ஒரே புதல்வரை முந்தின வருஷத்து யுத்தத்தில் இழந்தவர். தமக்கென்று இடப்பட்ட கௌரவ ஆசனத்தை ஒழித்து, அவர் மாணாக்கரோடு மாணாக்கராக அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். வாஸேதா பத்துக்கு ஒன்று என்று வென்றது. முடிவில் இரு கட்சியாரும் ஒருவர் பள்ளிப் பாட்டை மற்றவர் பாடிப் பிரிந்தனர். ஐந்து நாட்களுக்குப் பின் டோக்கியோவில் மழையிலே மாணாக்கரின் வழியனுப்பு அணிவகுப்பு நடைபெற்றது.

திரும்பாதோர் பலர். 1934-இல் பதினேழு வயதில் அமெரிக்கப் பெரும் ஆட்டக்காரர் நால்வரை அடுத்தடுத்து வெளியேற்றிய ஸாவாமுரா எய்ஜி என்பவர், சேனையில் கைக்குண்டு வீசி வீசித் தோள் கெட்டு, 1944 டிசம்பரில் கப்பலோடு கடலில் மாண்டார். நாம் முன்பு சொன்ன ஷிமா ஸெயிச்சியும் சர்வகலாசாலையிலிருந்து கடற்படைக்குப் போய், 1945 மார்ச்சு 29-ந் தேதி இந்தோசீனக் கரைக்கப்பால் தம் கப்பல் மூழ்கியபோது உயிர் நீத்தார். அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இறுதிப் பந்தயத்தில் அவர் செய்த காரியத்தை மற்றொரு மாணாக்கர் செய்ய ஐம்பத்தொன்பது வருஷம், அதாவது 1998 வரை, செல்லவேண்டியதாயிற்று.

யுத்தம் 1945 ஆகஸ்டு 15-ந் தேதி முடிவுற்றது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1946-இல் அதே தேதியில், பள்ளிப் பந்தயம் மறுபடியும் தொடங்கிற்று. கோஷியென் அமெரிக்கச் சேனையார் வசமிருந்தமையால் அருகிலுள்ள நிஷினோமியாவில் ஆடினர். அன்னத்துக்கே பஞ்சமான காலம். ஆகையால் பிள்ளைகள் தத்தம் அரிசியை மூட்டை கட்டிக்கொண்டு வந்தனர். இறுதியில் தோற்ற கோஷ்டி எது என்றால், 1915-இல் முதன்முதல் வென்ற அந்தக் கியோட்டோ இரண்டாம் பள்ளியே. மறு வருஷம் கோஷியெனும் திரும்பக் கிடைத்தது. இன்றும் பந்தயம் நடக்கும் ஆகஸ்டு 15-ந் தேதி நண்பகலில், ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரும் எழுந்து மௌனமாய் நிற்கிறார்கள்.

இன்னும் ஒன்று சொல்லி முடிப்போம். ஒக்கினாவாத் தீவிலே 1945-இல் பள்ளிப் பிள்ளைகளே சேனையில் சேர்க்கப்பட்டுப் பெருந்தொகையாய் மடிந்தார்கள். யுத்தத்திற்குப் பின் அத்தீவு அமெரிக்கர் ஆட்சியில் இருந்தது. 1958-இல்தான் அங்கிருந்து ஷூரி பள்ளியின் கோஷ்டி முதன்முதல் கோஷியெனுக்கு வந்தது. முதற் பந்தயத்திலேயே தோற்றது. தோற்ற பிள்ளைகள் களத்து மண்ணைக் கையால் வாரி எடுத்துக்கொண்டு கப்பலேறினர். துறைமுகத்தில் அதிகாரிகள், பிறநாட்டு மண்ணைக் கொண்டுவரலாகாது என்ற சட்டத்தைக் காட்டி, அம்மண்ணைக் கடலிற் கொட்டுவித்தனர். செய்தியைக் கேட்ட விமானப் பணிப்பெண்கள் சிலர், கல்லுக்குத் தடையில்லையே என்று கருதி, கோஷியென் களத்துக் கூழாங்கற்களைப் பொறுக்கி அப்பள்ளிக்குச் சேர்ப்பித்தார்கள். 1972-இல் அத்தீவு ஜப்பானோடு மீண்டும் சேர்ந்தது. 2010-இல் அத்தீவின் பள்ளியொன்று கோடைப் பந்தயத்தில் வெற்றிக்கொடியைப் பெற்றது.

அன்பர்களே! இச் சரித்திரத்தினின்று நாம் அறியவேண்டுவது என்ன? பிள்ளைகளின் ஆட்டத்தைக் கெடுத்தவர்கள் யாவரும் துஷ்டர்கள் அல்லர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெருங் காரியத்தை முன்னிட்டே செய்தார்கள். ஒருவர் ஒழுக்கத்துக்காகக் கட்டுப்பாடு என்றார். ஒருவர் தேசத்துக்காகப் பெயரை மாற்றினார். ஒருவர் இரும்புக்காகக் கூரையைக் கழற்றினார். ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் நியாயமாகவே தோன்றியிருக்கும். கடைசியில் பார்த்தால் ஆட்டமுமில்லை; ஆடிய பிள்ளைகளிற் பலரும் இல்லை. பெரியோர் தம் காரியத்துக்குப் பிள்ளைகளின் ஆட்டத்தைக் கருவியாகக் கொள்ளலாகாது என்பதே இதன் சாரம்.

யுத்தகாலத்தில் நம் தேசத்திலும் இதை யொத்த கேள்வி ஒன்று எழுந்தது. பம்பாயில் ஹிந்து, முஸ்லிம், பார்ஸி, ஐரோப்பியர், ஏனையோர் என்று மதத்தாலும் இனத்தாலும் பிரிந்த ஐந்து கோஷ்டிகள் ஆடும் கிரிக்கெட்டுப் பந்தயம் பெயர் பெற்றிருந்தது. 1940 டிசம்பரில் காந்தியடிகளிடம் அபிப்பிராயம் கேட்டபோது, விளையாட்டிலே வகுப்புப் பிரிவினை வைப்பதைத் தாம் ஒப்பவில்லை என்று அவர் தெரிவித்தார். திரளான ஜனங்கள் விரும்பிப் பார்த்ததும், நல்ல வருமானம் தந்ததுமான அப்பந்தயம் 1945-46-ஆம் பருவத்தோடு முடிவுற்றது. ஆட்டம் அதனால் அழிந்துவிடவில்லை. மாகாண வாரியாக ஆடும் ரஞ்சிக் கோப்பைப் பந்தயம் அந்த யுத்த வருஷங்களிலும் நடந்து, இன்றளவும் நடந்துவருகிறது.

ஆதலால் நாளைய பிரேரணைகளைப் பற்றி நமது தாழ்மையான அபிப்பிராயத்தைக் கூறுகின்றோம். கேடயத்திற்குப் பணம் கொடுத்தவர்கள் நம் குலத்தவரே. ஆகவே பயன் நம் பிள்ளைகளுக்கே சேரவேண்டும் என்னும் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பயன் எது என்று யோசிக்க வேண்டும். பள்ளியிலும் உத்தியோகத்திலும் எல்லாருடனும் கலந்து பழகவேண்டிய பிள்ளை, களத்தில் மாத்திரம் தன் குலத்தாரோடு நின்றுவிட்டால் அவனுக்கு லாபம் என்ன? நம் பிள்ளைகளுக்குப் பந்தும் மட்டையும் சிற்றுண்டியும் நாம் வாங்கித் தருவோம். பயிற்சிக்கு ஆசிரியரை வைப்போம். ஆனால் பந்தயத்தில் எல்லோரும் வரட்டும். அயலார் பிள்ளை கேடயத்தைத் தூக்கிச் சென்றால், அடுத்த வருஷம் நம் பிள்ளை அதைத் திரும்பக் கொண்டுவரட்டும். தோல்வியும் ஒரு கல்வியே.

கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாடகைப் பணத்தால் உபகாரச் சம்பளம் பெருகும் என்பது மெய்யே; அதை நாம் அற்பமாக நினைக்கவில்லை. அப்பணத்தை வேறு வழியில் திரட்ட நம்மில் வசதியுள்ளோர் முன்வர வேண்டும். நாமும் நம்மால் இயன்றதைத் தரச் சித்தமாயிருக்கிறோம். கோஷியெனில் பஞ்ச காலத்தில் கிழங்கைத்தான் நட்டார்கள். ஆகையால் அது மீண்டும் களமாயிற்று. செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கிவிட்ட நிலம் மீள்வதில்லை.

இன்று மாலை கூட்டம் கலைந்தபின் பெரியோர்கள் வண்டிக்கு விரையாது சற்றுப் பின்புறம் சென்று பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். விடுதிப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் எவன் எந்த ஊரான், எவன் மகன் என்று கேளாமல், கால் நாழிகை நின்று பாருங்கள். அதன்பின் நாளைக்கு உங்கள் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள்.