நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா: திருட்டுக் காரில் தொடங்கிய கதை

சாலையோரக் கம்பத்தில் ஒரு சின்னக் கேமரா. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். நம்பர் பிளேட்டில் பட்டு ஒளி திரும்பும்போது, நள்ளிரவிலும் எழுத்துகள் பளிச்சென்று தெரியும். கணினி அதைப் படித்து, போலீஸ் தேடும் வண்டிகளின் பட்டியலோடு நொடியில் ஒப்பிட்டுவிடும்.

இது பிறந்தது பிரிட்டனில், 1976-இல். காவல்துறைக்கான அறிவியல் பிரிவு ஒன்று உருவாக்கியது. ஏ1 நெடுஞ்சாலையிலும் டார்ட்ஃபோர்ட் சுரங்கப்பாதையிலும் சோதித்தார்கள். 1981-இல் ஒரு திருட்டுக் கார் சிக்கியது, கைதும் நடந்தது. அதுவரை நோக்கம் தெளிவு: தேடும் வண்டியைப் பிடிப்பது.

1993-இல் லண்டன் பிஷப்ஸ்கேட்டில் ஐஆர்ஏ (ஐரிஷ் குடியரசுப் படை) வைத்த லாரி குண்டு வெடித்தது. நகரின் வணிகப் பகுதியைச் சுற்றிக் காவல் வளையம் போட்டார்கள்; சில ஆண்டுகளில் இந்தக் கேமராக்களும் அதில் சேர்ந்தன. 2005-இல் பிராட்ஃபோர்டில் ஒரு பெண் காவலரைச் சுட்டுக்கொன்ற கொள்ளையர் தப்பிய காரைத் தேட இவை பெரிதும் உதவின. அந்தப் பலனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. பட்டியலில் இல்லாத வண்டிகள் எங்கே, எத்தனை மணிக்குப் போயின என்பதும் தேசியத் தரவு மையத்தில் சேர ஆரம்பித்தது. தேடும் கருவி, சேர்த்துவைக்கும் கருவியாக மாறியது இங்கேதான்.

அதன் விளைவை 2010-இல் பர்மிங்காம் பார்த்தது. முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளில் 200-க்கும் மேற்பட்ட கேமராக்கள். பெரும்பாலானவை நம்பர் பிளேட் படிப்பவை. பல மறைவாக வைக்கப்பட்டவை. உள்ளூர்க் குற்றங்களைத் தடுக்கத்தான் என்றார்கள் அதிகாரிகள். பணமோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது. விஷயம் வெளியானதும் மக்கள் கொதித்தார்கள். அதிகாரிகள் கேமராக்களுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டி மூடினார்கள். வெளிமாவட்டக் காவல் தலைவர் சாரா தார்ன்டன் விசாரித்துக் கடுமையான அறிக்கை தந்தார். அடுத்த ஆண்டு கேமராக்களைக் கழற்றினார்கள். ஒரு சமூகத்தையே சந்தேகப் பட்டியலில் வைத்தால், தகவல் சொல்லக்கூடிய மக்களையே போலீஸ் இழந்துவிடும்.

ராய்ஸ்டன் என்ற சிற்றூரைச் சுற்றியும் கேமராக்கள் இருந்தன. பதிவாகாமல் யாரும் காரில் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாத நிலை இருந்தது. 2013-இல் தகவல் ஆணையர் அலுவலகம் அது சட்டவிரோதம் என்றது. பதிவுகளை வைத்திருக்கும் காலமும் இரண்டு ஆண்டிலிருந்து பின்னர் ஓராண்டாகக் குறைந்தது. தேடப்படாத வண்டிக்கு அந்த ஓராண்டும் எதற்கு என்பதுதான் என் கேள்வி.