இணையத்தளமும் அதன் வரைபடமும்



வீடு கட்டுவோர் அத்திவாரம் வெட்டுமுன் படம் வரைவிக்கின்றனர். அறைகள் எத்தனை, வாயில் எத்திசை, கிணற்றடிக்குச் செல்லும் வழி யாது என்பனவெல்லாம் தாளிலேயே முடிவாகின்றன. சுவர் எழும்பியபின் வாயிலை மாற்றுவதாயின் மேசனுக்கு இருமுறை கூலி கொடுத்தல் வேண்டும். தாளில் மாற்றுவதற்கு ஓர் அழிறப்பர் போதும். இணையத்தளம் அமைப்போரும் இவ்வாறே முதலில் ஒரு படம் வரைதல் நன்று. ஆயினும் இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வீட்டிற்கு நீளமும் அகலமும் உள. இணையத்தளத்திற்கோ அவை இல. அதன் ஒரு பக்கத்திற்கும் மறு பக்கத்திற்கும் இடையே இத்தனை அடி தூரம் என்று சொல்வதற்கில்லை. அங்ஙனமாயின் எதனைத்தான் வரைவது?

தொடர்பினை வரைவது என்பதே விடை. இதற்கு ஒரு முன்மாதிரி இலண்டன் மாநகரில் உண்டு. அங்குள்ள நிலக்கீழ்ப் புகையிரதப் பாதைகளுக்கு 1931ஆம் ஆண்டில் ஹரி பெக் என்னும் படவரைஞர் புதியதொரு படம் வரைந்தார். பாதைகளின் உண்மையான வளைவுகளையும், நிலையங்களுக்கிடையேயுள்ள உண்மையான தூரங்களையும் அவர் விட்டுவிட்டார். எந்த நிலையத்தின் பின் எந்த நிலையம் வரும், எங்கே இறங்கி எந்த வண்டிக்கு மாறுவது என்பவற்றை மாத்திரம் வைத்துக்கொண்டார். அதிகாரிகள் முதலில் அதனை ஏற்கவில்லை. 1933ஆம் ஆண்டில் அச்சேறிப் பிரயாணிகளின் கைக்குக் கிடைத்தபொழுது அவர்கள் அதனை உவந்து ஏற்றனர். பிரயாணிக்கு வேண்டியது போகும் வழியின் படம், பூமியின் படமன்று.

உலகளாவிய வலை தோன்றியதும் ஒரு படத்தோடுதான். ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ண் ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த ரிம் பேர்ணேர்ஸ்-லீ, 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு திட்டப் பத்திரத்தைத் தம் மேலதிகாரியிடம் சமர்ப்பித்தார். அதன் முதற் பக்கத்திலேயே வட்டங்களும் அம்புக்குறிகளும் நிறைந்த படமொன்று காணப்படுகின்றது. தெளிவில்லை, எனினும் மனத்தைக் கிளர்த்துகின்றது என்னும் பொருள்பட மேலதிகாரி அதன் தலைப்பில் இரண்டொரு சொற்களை எழுதிவைத்தார். அந்நிலையத்திற்கு ஆயிரக்கணக்கானோர் வருவதும், சில காலம் பணியாற்றிப் போவதுமாக இருந்தனர். போகின்றவர் அறிந்திருந்த செய்திகள் பல அவருடனேயே போயின. பெயரளவில் அந்நிறுவனம் மரம்போற் கிளைவிட்டு நின்றாலும், வேலை நடந்ததென்னவோ வலைபோலப் பின்னிய தொடர்புகளினாலேயே என்பதை அவர் கண்டுகொண்டார்.

மரமும் வலையும் என்னும் இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வானொலியிற் படத்தைக் காட்டுதல் இயலாது. ஆகையால் வசதியுள்ளோர் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டால், நாம் சேர்ந்தே ஒன்று வரையலாம்.

ஒரு நூல்நிலையத்திற்கு இணையத்தளம் அமைப்பதாகக் கொள்வோம். தாளின் மேற்பாகத்தில் ஒரு நீள்சதுரம் இடுங்கள். அது முகப்புப் பக்கம். அதன் கீழே வரிசையாக நான்கு நீள்சதுரங்கள்: நூற்பட்டியல், அங்கத்துவம், திறந்திருக்கும் நேரம், சிறுவர் பகுதி. முகப்பிலிருந்து நான்கிற்கும் கோடு இழுங்கள். இதுவரை வரைந்தது மரம். இனி, சிறுவர் பகுதியைப் பார்க்கும் தாயொருத்தி அங்குள்ள நூல் ஒன்றை இரவல் எடுக்க விரும்பினால், மீண்டும் முகப்புக்கு ஏறி அங்கத்துவத்திற்கு இறங்கவேண்டுமா? வேண்டாமெனின், சிறுவர் பகுதியிலிருந்து அங்கத்துவத்திற்கு நேரே ஓர் அம்புக்குறி இடுங்கள். இப்பொழுது மரத்திலே வலை படரத் தொடங்குகின்றது. அங்கத்தவர்க்கு மாத்திரம் திறக்கும் வழியாயின் அதனை விட்டுவிட்டு இழுத்த கோட்டினாற் காட்டுங்கள். வந்தவர் அங்கத்தவரா, அல்லரா என்று தளம் தீர்மானிக்கும் இடத்தில் ஒரு சாய்சதுரம் இடுங்கள். இவை நான் கற்பித்த குறிகள் அல்ல. ஜெசி ஜேம்ஸ் கரெற் என்பார் 2000ஆம் ஆண்டில் இத்தகைய குறிகளை ஒழுங்குசெய்து வெளியிட்டார். எவரும் வெண்பலகையிற் கையாலே வரையத்தக்கனவாக அவை இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

படம் முடிந்ததும் சற்று விலகி நின்று பாருங்கள். எழுத்தாக எழுதிய பட்டியல் மறைத்துவைக்கும் குறைகள் படத்திலே பளிச்செனத் தெரியும். எந்தக் கோடும் வந்து சேராத பெட்டி ஒன்று மூலையிற் கிடக்கும்; அப்பக்கத்தை எழுதியவர் இருப்பார், படிப்பவர் இரார். ஒரே பெட்டியிலிருந்து முப்பது கோடுகள் கிளம்பும். அங்கு வருபவர் திகைத்து நிற்பார். ஆறு படி இறங்கினாலன்றி எட்டாத ஆழத்தில், எல்லாரும் நாடும் விண்ணப்பப் பத்திரம் கிடக்கும்.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. காரியாலயத்தில் யார் யாருக்கு மேல், எக்கிளை எப்பிரிவின் கீழ் என்னும் வரிசையையே தளத்தின் வரைபடமாக ஆக்கிவிடுதல். உத்தியோகத்தர்க்கு அது இயல்பாகத் தோன்றும். வெளியிலிருந்து வருபவர்க்கோ அது இருட்டறை. தந்தையை இழந்த மகன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். மரணத்தைப் பதிவு செய்தல், ஓய்வூதியத்தை நிறுத்துவித்தல், வரி, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு திணைக்களத்தின் பொறுப்பு. அவன் துயரத்தோடு கணினியின் முன் அமரும்பொழுது, எது எந்தத் திணைக்களத்தின் கீழ் வருமென்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் அறிந்தது ஒன்றே: தந்தை இறந்துவிட்டார்.

ஐக்கிய இராச்சியத்தில் 2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், முன்பிருந்த இரண்டு பெரிய அரசாங்கத் தளங்களுக்குப் பதிலாகக் கவ் யூகே என்னும் ஒரே தளத்தைத் திறந்தனர். பின்னர் திணைக்களங்களின் தளங்களும் ஒவ்வொன்றாக அதனுள் வந்து சேர்ந்தன. மக்களுக்கு யாது தேவை என்பதிலிருந்தே அதன் அமைப்பைத் தொடங்கினர். ஒருவர் இறந்துவிட்டால் முதலில் யாது செய்வது, அடுத்து யாது செய்வது என்பதை இன்று அங்கே படிப்படியாகக் காணலாம். மரணச் செய்தியை ஒருமுறை அறிவித்தால் பல திணைக்களங்களுக்கும் தெரிவிக்கும் சேவைக்கும் அதிலே வழி உண்டு. திணைக்களங்கள் மறைந்துவிடவில்லை, படத்திலே அவை பின்வரிசைக்குச் சென்றன, அவ்வளவே.

மக்கள் எப்படிப் பிரித்து எண்ணுகின்றனர் என்பதை அறிய எளிய உபாயம் ஒன்று உண்டு. 1994ஆம் ஆண்டில், சண் மைக்குரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தின் உள்ளகத் தளத்தை அமைத்த யாக்கொப் நீல்சனும் டரல் சானோவும் அதனைக் கையாண்டனர். தளத்தில் இடம்பெற வேண்டியவற்றின் பெயர்களை அட்டைக்கு ஒன்றாக எழுதி, ஊழியர் சிலரிடம் கொடுத்து, ஒத்தவற்றை ஒன்றாகக் குவிக்கச் சொன்னார்கள். ஒருவர் குவித்தது போல மற்றவர் குவிப்பதில்லை என்பது மெய்யே. அட்டைகள் தாமே படமாகிவிடா. வடிவமைப்பாளர் தம் அறிவைக்கொண்டு தீர்மானிக்கத்தான் வேண்டும். ஆயினும் தம் மேசையிலிருந்தபடி ஊகித்து வரைவதிலும் இது எத்துணையோ மேல்.

இன்று தேடற்பொறி இருக்கும்போது இப்படம் எதற்கு என்று சிலர் வினவுவர். தேடிவருபவர் முகப்பு வழியே வாராமல் இடையிலுள்ள ஏதோ ஒரு பக்கத்தில் வந்து குதிக்கின்றார் என்பது உண்மையே. கூரை வழியே வீட்டினுள் இறங்கியவனுக்குத்தான், எந்த அறையில் நிற்கின்றோம் என்பது அதிகமாகத் தெரியவேண்டியிருக்கின்றது.

வரைந்த படத்தைச் சோதிப்பதற்கு, காரியாலயத்திற்குத் தொடர்பில்லாத ஒருவரை அழைத்துப் பெட்டிகளின் பெயர்களை மாத்திரம் காட்டுங்கள். இரவல் நூலைத் திருப்பிக் கொடுக்கப் பிந்திவிட்டது, தண்டம் எவ்வளவென்று அறிய எங்கே பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் விரலை வைக்கும் பெட்டியைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் கூறி அவரைத் திருத்த முற்படாதீர்கள். ஐந்து பேரில் மூவர் வேறொரு பெட்டியைச் சுட்டினால், தண்டம் பற்றிய பக்கத்தை அந்தப் பெட்டியின் கீழ் மாற்றி வரைந்து, படத்தின் மூலையில் அன்றைய திகதியை எழுதிவையுங்கள்.